லிஸ்பனில் நடந்து ஊர் சுற்றுவது: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஏழு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களோடு ஏதாவது ஒரு கைடு பின்னால் நானும் நடந்துவிடுவேன். அதே சந்து, அதே கதை, ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எனக்கு அலுக்கவே இல்லை.

அண்ணா, 'இலவச வாக்கிங் டூர்' என்கிறார்களே, நிஜமாகவே இலவசமா?

முன்பணம் கிடையாது, அவ்வளவுதான். முடிவில் டிப்ஸ் கொடுக்க வேண்டும். பல இடங்களில், வந்த தலைக்கு இவ்வளவு என்று கைடுதான் ஏற்பாட்டாளருக்குக் கட்டுகிறார், அதனால் நீங்கள் கடைசித் திருப்பத்தில் நைசாக நழுவினால் அவருக்குக் கைக்காசு போகும். நான் ஆளுக்கு 10 முதல் 15 யூரோ கொடுப்பேன். கூட்டம் 25 பேரைத் தாண்டினால் பேசாமல் வேறு நாள் பாருங்கள், பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் காதில் விழாது.

கையில் மேப் இருக்கிறது, போன் இருக்கிறது. கைடு எதற்கு?

ஊரின் நடுவில் பைஷா என்ற பகுதி. தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் அல்ஃபாமா, அங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று மேப் சொல்லாது.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், கோயில்களெல்லாம் ஜனம் நிரம்பி, மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. இடிபாட்டுக்குப் பயந்து ஆற்றங்கரை வெட்டவெளிக்கு ஓடியவர்களைச் சற்று நேரத்தில் சுனாமி வாரிக்கொண்டு போனது. மிச்சம் இருந்ததை நாள்கணக்கில் தீ தின்றது. பைஷா தரைமட்டம். பாறைமேல் நின்ற அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது, அதனால்தான் அந்தக் கோணல் சந்துகள் இன்றும் இருக்கின்றன.

அரசர் முதலாம் ஜோசே அதற்கப்புறம் கல் கட்டடத்தில் படுக்கவே பயந்து, மரத்தால் கட்டிய அரண்மனையில் காலத்தை ஓட்டினார். ஊரைத் திரும்பக் கட்டியது அவருடைய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். அவருடைய பொறியாளர்கள் சுவருக்குள் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி ஒரு கூண்டு செய்தார்கள், பெயரே 'கயோலா', கூண்டு என்றுதான் அர்த்தம். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை ஓங்கி மிதிக்கச் சொல்லி அதிர்வைச் சோதித்தார்களாம். ஒரு கைடு எங்களை ஒரு துணிக்கடைக்குள் கூட்டிப்போய், சட்டைகள் தொங்கும் கம்பியை ஒதுக்கி, பூச்சு எடுத்த சுவரில் பெருக்கல் குறி போட்ட மாதிரி நிற்கும் அந்தக் கட்டைகளைக் காட்டினார். அதற்கு முன் நான் அந்தக் கடைக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

அம்மாவுக்கு 64 வயது, முட்டி வலி. ஏழு குன்று ஊர் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான், ஆனால் வழி இருக்கிறது. மேட்டிலிருந்து கீழே இறங்கும் டூராகத் தேடுங்கள். குன்றின் மேல் இருக்கும் பழைய கோட்டைப் பக்கம் ஏற, பைஷாவின் ஃபான்கெய்ரோஸ் தெருவில் நகராட்சியின் இலவச லிஃப்ட் இருக்கிறது, பாதி ஏற்றம் அதிலேயே முடிந்துவிடும். 1902-இல் திறந்த சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்ட் பார்க்க அழகு, ஆனால் அந்த வரிசையில் அம்மாவை நிறுத்தாதீர்கள். பின்பக்கம் கார்மோ சதுக்கத்துக்கு வந்தால் அதன் மேல்பாலம் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் கூரையில்லாத கார்மோ தேவாலயம், 1755-இல் விழுந்த கூரையை இன்றுவரை மூடவில்லை, அண்ணாந்தால் வானம்தான்.

செருப்பு முக்கியம். நடைபாதை முழுக்கச் சுண்ணாம்புக்கல், கையால் பதித்த சின்னச் சின்னக் கட்டிகள், நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு வழவழவென்று இருக்கும். நாலு தூறல் போட்டால் எண்ணெய் கொட்டிய தரை மாதிரிதான்.

தவற விடக்கூடாத ஒரே இடம்?

சாவ் தொமிங்கோஸ் தேவாலயம். 1506-இல் இங்கே ஆரம்பித்த கலவரத்தில், கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்களை மூன்று நாள் வேட்டையாடினார்கள். வெளியே சதுக்கத்தில் நினைவுக்கல் இருக்கிறது. 1959-இல் உள்ளே தீப்பிடித்தது. வெந்து வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லாமல் நேரே எதிரே உள்ள ஜின்ஜா (புளிப்புச் செர்ரிப் பழ மது) கடைக்குக் கூட்டிப்போகிற கைடுக்கு நான் டிப்ஸில் கை வைப்பேன்.

சைவத்துக்கு என்ன கிடைக்கும் சார்?

காய்கறி சூப் எங்கும் உண்டு. 'கால்தோ வெர்தே' கீரை சூப்தானே என்று நம்பாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். நாத்தா இனிப்பில் முட்டை மஞ்சள்கரு. நம்மூர் மசாலா வாசனை வேண்டுமென்றால் மார்த்தீம் மொனீஸ் பக்கம் போங்கள். இன்னொன்று: உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வைப்பார்கள். அது உபசாரம் இல்லை, தொட்டால் பில்லில் வரும்.

தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு?

நன்றாகக் கேட்டீர்கள். அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகம் 1554-இல் இங்கேதான் அச்சானது, போர்ச்சுகீசியரின் கிறிஸ்தவ மறைக்கல்விச் சிறுநூல். தமிழ் எழுத்து கிடையாது, தமிழை ரோமன் எழுத்திலேயே அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே புத்தகம் வர 1578 ஆனது, அது கொல்லத்தில். ஆனால் எந்த கைடும் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை. வீட்டுக்காரம்மா சாவி கொடுக்கும்போது 'ஷாவ்' என்றார், எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

28-ஆம் நம்பர் டிராம்?

காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் நெரிசலில் பிக்பாக்கெட் அதிகம். என் பர்ஸ் போனது அதில்தான், அதுவும் பக்கத்தில் இருந்த நண்பரிடம் 'பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது.