புதுச்சேரி கிரிக்கெட்: பையன் எத்தனை இன்னிங்ஸ் ஆடினான்?

சின்ன ஊர்களில் கிரிக்கெட்டை வளர்ப்பது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும்தான். அதனால் இந்த வாரம் வேறு எதையும் தொடவில்லை, முழுக்கப் புதுச்சேரிதான்.

கேள்வி: ஐயா, 2018-ல் நமக்குத் தனி ரஞ்சி அணி கிடைத்தது. இத்தனை வருடத்தில் வளர்ந்திருக்கிறோமா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வளர்ந்திருக்கிறோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்படுத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் சீர்திருத்தங்களால்தான் அந்தக் கதவு திறந்தது. 2018-19 பருவத்தில் ஒன்பது புது அணிகள் ஒரே நேரத்தில், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்தன, மொத்தம் 37 அணிகள் ஆயின, அதில் நாமும் ஒன்று. அதற்கு முன்னால் நம்ம பையனுக்குப் பெரிய கிரிக்கெட் என்றால் விடிகாலையில் கிட்பேக்கைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். பஸ் ஏறுவதுதான். சென்னையில் ஏதாவது ஒரு கிளப்பில் இடம் கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டப் பையன்களோடும் முட்டி மோதி மேலே வர வேண்டும். நல்ல கைகள் எத்தனையோ அந்த பஸ் பயணத்திலேயே களைத்துப்போய், ஒரு வேலையைத் தேடிக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டன. எனக்கே அப்படி நாலைந்து பேரைத் தெரியும்.

இன்றைக்குத் துத்திப்பட்டு மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கிறது. 2023-ல் தேவ்தர் கோப்பை முழுவதுமே புதுச்சேரியில்தான் நடந்தது. ஆறு மண்டல அணிகள் வந்து ஆடின, நம்ம பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது டி.வி.யில் நூறு மேட்ச் பார்ப்பதற்குச் சமம் என்பேன். பந்து மட்டையில் படும் சத்தமே வேறு மாதிரி இருக்கிறது என்று பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் என்னிடம் வந்து சொன்னான். அவன் அதுவரை டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடியவன்.

வெற்றிகளும் உண்டு. 2021 ஜனவரியில் சையத் முஷ்டாக் அலி இருபது ஓவர் போட்டியில் சூர்யகுமார் யாதவ் தலைமையிலான மும்பையை 94 ரன்னில் சுருட்டி ஜெயித்தோம். 2024 ஜனவரியில் டெல்லியை டெல்லியிலேயே ரஞ்சியில் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் அடித்தோம். இந்த இரண்டையும் எல்லாரும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். எனக்கு மட்டும் இரண்டும் ஒன்றில்லை, ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஜெயிப்பது நமக்கு என்ன பெருமை? மண்ணின் மைந்தர்கள் மட்டும் ஆடினால் போதாதா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், கோபமாகவும் கேட்டிருக்கிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அதைச் சரியான இடத்தில் காட்ட வேண்டும்.

முதலில் அந்த இரண்டு வெற்றிகள். மும்பைக்கு எதிராக 20 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தவர் சாந்த மூர்த்தி, நம்ம ஊர்க்காரர், அன்றைக்கு அவருக்கு வயது 41. யோசித்துப் பாருங்கள், ஒரு வேகப்பந்து வீச்சாளரின் நல்ல வருடங்கள் இருபத்திரண்டிலிருந்து முப்பத்திரண்டு வரைதான். அந்தப் பத்து வருடமும் அவருடைய ஊருக்கு ரஞ்சி அணியே கிடையாது! அணி வந்தபோது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார், அப்போதும் விடாமல் ஓடி வந்து போட்டார். அந்த ஸ்கோர்கார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். டெல்லியைச் சாய்த்தது கௌரவ் யாதவ், முதல் இன்னிங்ஸில் மட்டும் ஏழு விக்கெட். பிரமாதமான பந்துவீச்சு, ஆனால் அவர் மத்தியப் பிரதேசத்தில் ஆடி வளர்ந்தவர், நமக்காக வந்து ஆடிக் கொடுத்தவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார், உழைத்தார். ஆனால் முதல் வெற்றி நம்ம மண்ணில் என்ன இருந்தது என்பதைக் காட்டியது, இரண்டாவது நம்மால் யாரைக் கூட்டிவர முடிந்தது என்பதைக் காட்டியது.

விதி என்ன சொல்கிறது? ஓர் அணி மூன்று பேர் வரை வெளியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களாக எடுக்கலாம். மற்றவர்கள் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது இங்கே படிப்போ வேலையோ இருக்க வேண்டும். அந்த மூன்று பேரால் ஒரு கெடுதலும் இல்லை, சரியானவர்களைப் பிடித்தால் நன்மைதான். விதர்பாவைப் பாருங்கள். 2017-18, 2018-19 இரண்டு வருடம் தொடர்ந்து ரஞ்சி வென்றார்கள், அப்புறம் 2024-25-லும் வென்றார்கள். மும்பையிலிருந்து வந்த வாசிம் ஜாஃபர் நாற்பது வயதில் ஒரே பருவத்தில் ஆயிரம் ரன்னுக்கு மேல் அடித்தார், பின்னால் கருண் நாயர் வந்தார். ஆனால் 2017-18 இறுதிப் போட்டியில் டெல்லிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த ரஜ்னீஷ் குர்பானி அங்கேயே வளர்ந்த பையன். ஜாஃபர் மாதிரி ஒரு மனிதர் எதிர்முனையில் நின்றால் இருபது வயதுப் பையன் ஒரு நாளில் கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சியாளரும் ஒரு மாதத்தில் சொல்லித்தர முடியாது. வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்துதான் அங்கே ஜெயித்தார்கள்.

சிக்கல் அந்த மூன்று பேருக்கு வெளியில்தான் ஆரம்பிக்கிறது. ‘உள்ளூர்’ என்ற பெயரில் யார் உள்ளே வருகிறார்கள் என்பது முதல் வருடமே பிரச்சினையாகிவிட்டது. 2018-ல் விஜய் ஹசாரே ஐம்பது ஓவர் போட்டி தொடங்கிய உடனேயே தகுதி விதியைக் காட்டி நம் அணியிலிருந்து எட்டுப் பேரை இந்தியக் கிரிக்கெட் வாரியமான பி.சி.சி.ஐ. விலக்கிவிட்டது. அன்றைக்கு நம் எல்லாருக்குமே தலைகுனிவுதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2021-ல் வாரியம் உயர்த்திய சம்பளப்படி, புதிதாக ரஞ்சி ஆடும் பையனுக்கே நாளைக்கு 40,000 ரூபாய். நாலு நாள் ஆட்டம் என்றால் 1,60,000. மும்பையிலோ டெல்லியிலோ நாற்பதாவது இடத்தில் நிற்கிற பையனுக்கு அங்கே அணியில் இடம் கிடைக்கவே கிடைக்காது, இங்கே வந்தால் கிடைத்துவிடலாம். அவன் வரத்தான் பார்ப்பான், எந்தச் சின்ன அணிக்கும் இதே நெருக்கடி இருக்கும். அதனால்தான் வாசலில் நிற்பவர்கள் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, இங்கே எத்தனை வருடமாக ஆடினான் என்ற ஸ்கோர்புக், மூன்றையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். வெளியூர்க்காரர் வேண்டாம் என்று கத்துவதைவிட அந்தப் பட்டியலைக் கேட்பது மேல்.

கேள்வி: பன்னிரண்டு லட்சம் ஜனம்தானே நாம்? இவ்வளவு சின்ன இடத்திலிருந்து எத்தனை ஆட்டக்காரர் வந்துவிட முடியும்?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: மேற்கிந்தியத் தீவுகளில் நெவிஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. மொத்தப் பரப்பு 93 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஏறக்குறைய பன்னிரண்டாயிரம். நமக்குப் பன்னிரண்டு லட்சம், அவர்களுக்குப் பன்னிரண்டாயிரம், நூறில் ஒரு பங்கு. அங்கிருந்து டெஸ்ட் ஆடியவர்கள் குறைந்தது ஆறு பேர். 1973-ல் எல்க்விமிடோ வில்லெட் முதலில் போனார், அப்புறம் டெரிக் பாரி, கீத் ஆர்தர்டன், ஸ்டூவர்ட் வில்லியம்ஸ், ருனாகோ மார்ட்டன், கீரன் பவல்.

எப்படி என்று பார்த்தால், தீவுக்குத் தீவு விடாமல் போட்டி நடந்தது, அதிலிருந்து லீவர்ட் தீவுகள் அணி, அதிலிருந்து மேற்கிந்திய அணி என்று படி இருந்தது. ஒருவர் ஏறிக் காட்டியதும் மற்றவர்களுக்கு அது எட்டுகிற உயரமாகத் தெரிந்துவிட்டது. ஆகவே ஜனத்தொகையைக் காரணம் சொல்லாதீர்கள் ஐயா, நம்மிடம் ஆள் இருக்கிறது.

கேள்வி: மாஹே, ஏனாம் பிள்ளைகள் புதுச்சேரி அணிக்குள் எப்படி வர முடியும்?
(வாசகர், மாஹே)

பதில்: கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். நம்ம பிரதேசம் ஒட்டிக்கிடக்கவில்லை. காரைக்கால் 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாடு. மாஹே கேரளாவுக்குள், 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் ஆந்திராவுக்குள் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், 800-க்கும் மேல். செலக்‌ஷன் டிரையல்ஸ் ஒரு நாள் நடக்கிறது என்று வையுங்கள், மாஹே பையன் ராத்திரி ரயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து இறங்கி நெட்டில் பன்னிரண்டு பந்து ஆடிவிட்டுத் திரும்புகிறான், கூட அப்பாவும் லீவு போட்டு வர வேண்டும். பன்னிரண்டு பந்தில் யாரைக் கண்டுபிடிக்க முடியும்?

தேர்வாளர்கள் அங்கே போக வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவையாவது. மாஹேக்குப் பக்கத்திலேயே தலச்சேரி இருக்கிறது, பழம்பெரும் கிரிக்கெட் ஊர். அங்கே மாஹே பையன் ஆடும் ஆட்டங்களின் ஸ்கோரை இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டாலே போதும், பெரிய செலவும் இல்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் கிரிக்கெட் ஆர்வம் நிறைய. ஆனால் வருடத்தில் ஆடக் கிடைக்கிற நாட்களே குறைவாக இருக்கிறது. என்ன செய்வது?
(உடற்கல்வி ஆசிரியர், பாகூர்)

பதில்: சார், இதுதான் இந்த வாரத்தில் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது. நாட்காட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மைதானமெல்லாம் ஏரி. ஜனவரியில் பொங்கல். பிப்ரவரி, மார்ச் பொதுத்தேர்வு, அம்மா மட்டையை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடுவார். ஏப்ரல், மே வெயிலில் நாள் முழுக்க நிற்க வைக்க முடியாது. மிச்சம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நாலு மாதம்.

இந்த நாலு மாதத்தில் நம்ம பையன்கள் என்ன ஆடுகிறார்கள்? பெட் மேட்ச், டென்னிஸ் பந்து டோர்னமென்ட், எட்டு ஓவர், பத்து ஓவர். நான் அதைக் குறைவாகப் பேச மாட்டேன், என் கை கண் எல்லாம் பழகியது ரப்பர் பந்தில்தான். ஆனால் பத்து ஓவர் ஆட்டத்தில் ஆறாவதாக இறங்குகிறவனுக்கு அன்றைக்குக் கிடைப்பது நாலு பந்து, அதில் இரண்டைத் தூக்கி அடிப்பான், அவ்வளவுதான். ரஞ்சியில் அவன் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், அதற்கு எங்கே பழகினான்? மும்பைக்காரர்கள் மழைக்காலத்துக்கென்றே 1948-லிருந்து காங்கா லீக் நடத்துகிறார்கள், ஈரப் பிட்சில் எகிறுகிற பந்தை விட்டுவிடக் கற்றுக்கொள்கிற பள்ளிக்கூடம் அது.

நம்மால் உடனே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஜூலையிலிருந்து பதினாறு வயதுக்குள்பட்ட பையன்களுக்குப் பள்ளிகளுக்கிடையே இரண்டு நாள் ஆட்டம், சனி ஞாயிறு. டர்ஃப் வேண்டாம், மேட் விக்கெட் போதும். தரையை மட்டமாக உருட்டி, கயிற்றுப் பாயை இழுத்துப் பிடித்து ஓரத்தில் ஆணி அடித்தால் பந்து ஒழுங்காக எழும்பும். பாய் ஒரு மூலையில் மடிந்து கிடந்தாலும் பந்து பையனின் முகத்துக்கு வரும், அதனால் ஒவ்வொரு இடைவேளையிலும் ஆணியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பன்னிரண்டாவது ஆளுக்கு அதுதான் வேலை. ஸ்டிட்ச் பால், அதாவது தையல் போட்ட தோல் பந்து, அதன் செலவை நாலைந்து பள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்புறம், ஆட விருப்பமில்லாத ஆனால் கிரிக்கெட் பைத்தியமான ஒரு பிள்ளையாவது எல்லா வகுப்பிலும் இருப்பான், அவனிடம் ஸ்கோர்புக்கைக் கொடுங்கள். ஸ்கோரரும் அம்பயரும் பிட்ச் போடுகிறவரும் இல்லாமல் எந்த ஊரிலும் லீக் ஓடாது.

கேள்வி: பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்களே?
(வாசகி, உழவர்கரை)

பதில்: தவறுதான் அம்மா, இனிமேல் எழுதுகிறேன். பெண்கள் ஐ.பி.எல். என்று சொல்கிற டபிள்யூ.பி.எல். 2023-ல் தொடங்கியதிலிருந்து மட்டையோடு பஸ் ஏறுகிற பெண்களைக் கண்ணால் பார்க்கிறேன். அவர்களுக்கு முதல் தேவை உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிப்பறையும் உடை மாற்றும் அறையும். அது இல்லாத பள்ளி மைதானத்தில் பதின்மூன்று வயதோடு ஆட்டம் நின்றுவிடுகிறது.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இடது கைச் சுழற்பந்து போடுகிறான். சென்னையில் ஓர் அகாடமியில் சேர்த்தால்தான் எதிர்காலம் என்கிறார்கள். வீட்டில் நகையை வைத்துத்தான் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?
(ஒரு தாய், காரைக்கால்)

பதில்: அம்மா, நகையை வைக்காதீர்கள். இந்த வயதுக்கு அது வேண்டாம். இரண்டு வருடம் காரைக்காலிலேயே இருக்கட்டும், உங்கள் சாப்பாடும் தூக்கமும் அவனுக்கு இப்போது பயிற்சியைவிட முக்கியம். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள், பின்னால் வயதுப் பிரிவுத் தேர்வில் அலைய விடுவார்கள்.

உள்ளூரில் எந்தப் பயிற்சியாளரிடம் விட்டாலும், நெட் எத்தனை இருக்கிறது, பெளலிங் மெஷின் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டாம். போன வருடம் உங்கள் பையன்கள் ஆளுக்கு எத்தனை மேட்ச் ஆடினார்கள், எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ஓவர் என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் அங்கே சேருங்கள். உங்கள் மகனுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள், போடுகிற ஒவ்வொரு ஓவரையும் அவனே எழுதட்டும். அடுத்த ஜூனில் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.