மசக்கையில் சாப்பிடவே முடியவில்லை, பிள்ளைக்குச் சர்க்கரை வருமா?

கேள்வி: வயது 26, இப்போது நாலாம் மாதம், சுத்த சைவம். மசக்கையில் எதுவும் வயிற்றில் தங்காமல் இரண்டு கிலோ குறைந்துவிட்டேன். தாய் பட்டினி கிடந்தால் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வரும், மரபணுவே மாறிவிடும் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

பதில்: நீங்கள் படித்தது அநேகமாக 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தைப் பற்றி இருக்கும். ஜெர்மானியர்கள் உணவு வரத்தை அடைத்துவிட்டதால் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன், அதுவும் மாதக்கணக்கில். அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தால், குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. கருத்தரித்த நேரத்திலேயே பஞ்சத்தில் மாட்டியவர்களுக்கு ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுமேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் அறுபது வருடம் கழித்தும் குறைவாக இருந்தன. மரபணு அப்படியேதான் இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்யலாம் என்று சொல்கிற குறிதான் மாறுகிறது. அந்தக் குறியால்தான் சர்க்கரை வந்தது என்பது நிரூபணமாகவில்லை. உங்கள் மசக்கை அந்தப் பட்டினி இல்லை, அதனால் அதை விடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது புனே ஆய்வை. சுற்றுக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழு 1993 முதல் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்தது. அங்கே பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, ஒல்லிதான், ஆனால் எடைக்குப் பொருந்தாத கொழுப்பு. கர்ப்பத்தில் பி12 குறைந்து, ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் மாத்திரையில் வருகிற சத்து) மட்டும் ஏகமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. மெத்தில் குறி போட இரண்டும் வேண்டும். இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பி12 அளவைப் பாருங்கள், குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ டாக்டர் தருவார். பால், தயிர் தினமும் இருக்கட்டும், மனம் ஒப்பினால் முட்டையும்.

அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை இப்போதே செய்யுங்கள், 24-28 வாரத்தில் மறுபடியும். ஒரே மடக்கில் குடிக்காதீர்கள், ஐந்து பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள்தான். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அதைக் கவனிக்காமல் விட்டாலும் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடும். அதனால், விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு உயிருக்கும் சேர்த்து சோறு ஏற்றாதீர்கள், வீட்டில் யார் சொன்னாலும் சரி.

தண்ணீர்கூட தங்காமல் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.