கடை திறந்துதான் இருக்கிறது

கேள்வி: எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் படித்தேன். அம்மாவின் செயினை அடகு வைத்து 48,000 ரூபாய் கட்டினோம். மூன்று சர்டிஃபிகேட் இருக்கிறது. ஏழு இன்டர்வியூ போயும் வேலை கிடைக்கவில்லை. ஒரு சைட்டைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையில் பெரிய ஆளாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. சென்னையில் 65,000 ரூபாய்க்கு அட்வான்ஸ்டு கோர்ஸ் இருக்கிறது, முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். அப்பா 30 வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறார். அவருக்கு இந்தத் துறை ஒன்றுமே புரியாது. கூகுள் மேப்பில் எங்கள் கடையையே 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டுகிறது, அதைக்கூட அவர் பார்த்ததில்லை. அவருக்கு எப்படிப் புரியவைத்துப் பணம் கேட்பது? முதல் கோர்ஸின் பாடத்திட்டத்தை இணைத்திருக்கிறேன். — பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

தம்பி, மேப்பைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்துப் பார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்குச் சாட்சியாக அதை வைத்திருக்கிறாய். எனக்கு அது உனக்கு எதிரான சாட்சியாகத்தான் தெரிகிறது.

அப்பா பார்க்கவில்லை, சரி. நீ பார்த்தாயே. பார்த்துவிட்டு என்ன செய்தாய்?

காலையில் உன் அப்பா ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, கல்லாவில் உட்காருகிறார். அதே நேரத்தில் மகள் கல்யாணத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க மாயவரத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது. யாரோ உன் அப்பா கடையின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்து போனில் தேடினால் சிவப்பு எழுத்தில் மூடிவிட்டதாக வருகிறது. 'அடடா, கடையை எடுத்துட்டாங்க போல' என்று வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் உன் அப்பா கல்லாவை எண்ணிவிட்டு, இப்போதெல்லாம் பித்தளையை யார் வாங்குகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். ஏன் ஆள் வரவில்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ அதை எனக்குக் கடிதத்தில் எழுதுகிறாய்.

வெளியூரில் யாரோ ஒரு முதலாளியின் சைட்டை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரத் துடிக்கிறாய். உனக்கு 24 வருடம் சோறு போட்ட கடையை உலகம் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பெற்றவர்களின் தொழிலைப் பிள்ளை தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நகையை விற்றோ வைத்தோ கற்ற வித்தை முதலில் அவர்களுக்கு உதவ வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இதில் பெரிய வித்தையும் இல்லை. மேப்பில் யார் வேண்டுமானாலும் 'இந்த இடம் மூடிவிட்டது' என்று திருத்தம் அனுப்பலாம். கடைக்கு நான்தான் பொறுப்பு என்று யாரும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அதை மறுத்துச் சொல்ல ஆள் இருக்காது. பதிவு செய்வதற்குக் காசு வாங்குவதில்லை. உன் மூன்று சர்டிஃபிகேட்டில் ஒன்றாவது இதைச் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பார்த்தேன். மெட்டா கீவேர்ட்ஸுக்கு, அதாவது பக்கத்தின் கோடுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேடல் வார்த்தைகளை எழுதி வைக்கும் டேகுக்கு, ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. நீ அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாய். அடுத்த இரண்டு வாரம் டைரக்டரி சைட்டுகளில் பேக்லிங்க் போடும் பயிற்சி, அதாவது வேறு சைட்டுகளிலிருந்து நம் சைட்டுக்கு லிங்க் கொடுத்துத் தேடலில் மேலே ஏறப் பார்ப்பது. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று ஒரு பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் கடை. அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய லிங்குகள் இணையமெங்கும் பரவிக் கிடந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. முதல் இடத்தில் நின்ற கடையைக் கூகுள் கீழே தள்ளிவிட்டது. மறு வருடமே பெங்குவின் அப்டேட் என்று கூகுள் தன் தேடல் முறையில் ஒரு மாற்றம் கொண்டுவந்து, இப்படி லிங்க் சேர்த்த ஆயிரக்கணக்கான சைட்டுகள் சரிந்தன. உனக்குக் கற்றுத்தந்ததில் பாதி, செய்தால் தண்டனை கிடைக்கிற வேலை.

இன்டர்வியூவில் 'எந்த சைட்டில் வேலை பார்த்திருக்கிறாய், முன்னால் எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது' என்று கேட்டிருப்பார்கள். நீ சர்டிஃபிகேட்டை நீட்டியிருப்பாய். உன்னை எடுக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதலிடம் உத்தரவாதம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேலை உத்தரவாதம் என்று 65,000 கேட்கிறவர்களும் எனக்கு அதே ரகம்தான்.

அப்பாவுக்கு இந்தத் துறை புரியாது என்கிறாயே, அங்கேதான் எனக்கு மனசு கொதிக்கிறது.

என் அப்பா மளிகைக் கடைக்காரர். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். 'இல்லை நோட்டு' என்போம். யாராவது வந்து ஒரு சாமான் கேட்டு, அது கடையில் இல்லாவிட்டால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அதில் எழுதிவிடுவார். பெருங்காயம் என்று எழுத மாட்டார், 'கட்டிக் காயம், சின்ன டப்பா' என்று எழுதுவார். வாரக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்பார். ஒரே சாமான் நாலு தடவை வந்திருந்தால் அதன் அடியில் கோடு போடுவார். கீவேர்டு ரிசர்ச் என்று நீ எதைக் காசு கட்டிப் படித்தாயோ, அதை அவர் பென்சிலால் செய்தார்.

உன் அப்பா அதையே 30 வருடமாகக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடுமா? உருகிவிடும், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே இளகும், அதனால் ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் தீ மூட்ட வேண்டும். இது வெள்ளீயமா, காரீயம் கலந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது? பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாமா, உள்ளே ஈயம் பூச வேண்டுமா? நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் வேறு ஊர் வார்ப்புக்கும் என்ன வித்தியாசம்? பத்துப் பேருக்குச் சமைக்க எத்தனை படி வெண்கலப் பானை? ஒவ்வொன்றும் ஒரு தேடல். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. உன்னிடம் இல்லை.

தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்கத் தான் வைத்திருக்கும் மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற அளவுகோலைப் புதிதாகச் சேர்த்தது. எழுதியவர் அதைக் கையால் தொட்டவரா என்று பார்க்கச் சொல்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் தேடலின் உச்சியிலேயே ஏ.ஐ. ஒரு பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. நூறு சைட்டைப் பார்த்து நூற்றியோராவதாக எழுதுகிறவனுக்கு இனி அங்கே இடமில்லை என்றே நான் நினைக்கிறேன். பூச்சு போன பாத்திரத்தை விளிம்பில் தட்டிப் பார்த்தே சொல்லத் தெரிந்த மனிதரின் வார்த்தைக்கு இடம் இருக்கும்.

ஆகவே இதைச் செய். கடைக்கு ஒரு எளிய சைட் போடு. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். அப்பா பேசுகிற தமிழிலேயே எழுது, படத்தைக் கடையில் எடு. தேடலில் நம் சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் சேர்த்துவிடு, அதுவும் இலவசம்தான். 16 மாதக் கணக்கு அதில் நிற்கும். ஜனங்கள் 'ஈய சொம்பு' என்று தேடுகிறார்களா, 'ஈயச்சொம்பு' என்று தேடுகிறார்களா, ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்களா, எத்தனை பேர் பார்த்தும் உள்ளே வராமல் போகிறார்கள் என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார். அதுதான் உன் இல்லை நோட்டு. நண்பர்களை விட்டுப் பொய் ரிவ்யூ மட்டும் போட்டுவிடாதே. 30 வருடம் எடைக்கல்லில் கை வைக்காத மனிதரின் பெயர் அது. பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். ஆகட்டும். எட்டாவது இன்டர்வியூவில் அந்தக் கணக்கைத் திறந்து காட்டு.

பணம் எப்படிக் கேட்பது என்றாய். கேட்காதே. அவரிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: 'அப்பா, நம்ம கடை மூடிட்டதா போட்டிருக்கு, எனக்கு முன்னாடியே தெரியும், நான் சொல்லலை.' அதைச் சொல்ல நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல். செயினை மீட்கிற வரைக்கும் அடகு ரசீது உன் பர்ஸில் இருக்கட்டும், அம்மாவின் பீரோவில் வேண்டாம்.

மேப்பில் கடையைப் பதிவு செய்யும்போது பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள். தெருவும் பெயர்ப்பலகையும் தெரிய வேண்டும், உள்ளே சரக்கு தெரிய வேண்டும், கடை நம்முடையதுதான் என்பதற்குப் பூட்டைத் திறப்பதையோ கல்லாவைத் திறப்பதையோ காட்ட வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. நாளைக் காலையில் அவர் கிளம்பும்போது நீயும் கூடப் போ. தெருமுனையிலிருந்தே போனைப் பிடி. சாவி அவர் கையில் இருக்கட்டும்.