வெளிநாட்டுப் போனில் நம்மூர் சிம் எடுபடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கட்டாரில் வேலை செய்யும் என் அண்ணா புது சாம்சுங் போன் ஒன்றை வாங்கி, பெட்டி உடைக்காமலே ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இங்கே இலங்கைச் சிம் போட்டதும் ஏதோ பூட்டுத் திறக்கும் இலக்கம் கேட்கிறது. முழுக் காசும் கொடுத்து வாங்கிய போன்தான். கடையில் "லொக் போன்" என்கிறார்கள். – வாசகி, நிலாவெளி

உங்கள் அண்ணா ஏமாறவில்லை. பெட்டியின் வெளிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பிராந்தியத்துச் சிம் அட்டையுடன் மட்டுமே இயங்கும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். சாம்சுங் கலக்ஸி போன்கள் பலவற்றுக்கு இந்தப் பிராந்தியப் பூட்டு உண்டு. ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் விற்பதைத் தடுக்கவே நிறுவனம் இதைப் போடுகிறது. வாங்கிய பிராந்தியத்துச் சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிடங்களுக்குக் குறையாமல் அழைப்புப் பேசினால் பூட்டு விலகும். அதன்பின் எந்த நாட்டுச் சிம்மும் வேலை செய்யும். வாட்ஸ்அப் அழைப்பு கணக்கில் சேராது, சாதாரண அழைப்பாகவே இருக்க வேண்டும்.

பெட்டி உடையாமல் வந்ததுதான் இங்கே சிக்கல். லீவில் கட்டாருக்குத் திரும்பும் யாரிடமாவது கொடுத்து அங்கே பேசச் செய்யலாம். அல்லது ரோமிங் உள்ள கட்டார்ச் சிம்முடன் வந்திருப்பவர் யாரும் இருந்தால் அந்தச் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்கலாம். ரோமிங் கட்டணம் கூடும் என்பதால் முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கு எங்கள் வேண்டுகோள்: அன்பளிப்பு அழகாக இருக்கட்டும் என்று பெட்டியை ஒட்டியபடி அனுப்பாதீர்கள். அங்கேயே திறந்து, உங்கள் சிம்மைப் போட்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு அனுப்புங்கள்.

அமெரிக்காவிலுள்ள மச்சான் ஐபோன் 15 தருகிறார். இங்கே வேலை செய்யுமா? – வாசகர், உவர்மலை

இரண்டு விடயங்களைக் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

முதலாவது, பூட்டு. அமெரிக்காவில் தவணைக்கு எடுக்கும் போன்கள் பெரும்பாலும் விற்ற தொலைபேசி நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். மச்சானைச் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'எபௌட்' என்று போகச் சொல்லுங்கள். அங்கே 'கரியர் லொக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. வேறு ஏதாவது இருந்தால், தவணையைக் கட்டி முடித்து, விற்ற நிறுவனத்திடமே திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பூட்டின் பதிவு ஆப்பிளின் சேர்வரில் இருப்பதால் இங்கே எந்தக் கடைக்காரரும் அதைத் திறக்க முடியாது. பூட்டுள்ள போன்களில் சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். மென்பொருள் புதுப்பித்ததும் அது நின்றுபோகும். கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன்களை விற்க அனுமதியில்லை. அதனால் அங்கிருந்து வரும் புதுப் போன்களில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, சிம் போடும் தட்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல் அந்தத் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் ஈ-சிம் மட்டும்தான். ஐபோன் 17 வரிசையில் கட்டார், சவூதி, அமீரகம், குவைத், ஓமான், பஹ்ரைன் நாடுகளில் விற்பவையும் அப்படித்தான். டயலொக், மொபிடெல் இரண்டிலும் ஈ-சிம் உண்டு. தேசிய அடையாள அட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் கியூஆர் குறியீடு ஒன்று தருவார்கள். அதை ஸ்கேன் செய்ய இணையம் வேண்டும், ஆகவே வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். அந்தக் குறியீடு பொதுவாக ஒரு தடவைக்குத்தான். பின்னாளில் போனை ரீசெட் செய்தால் ஈ-சிம்மை அழிக்கவா வைத்திருக்கவா என்று கேட்கும், வைத்திருக்கும்படி சொல்லுங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டுப் பேசுவதற்கு வழியிருக்காது. கடலுக்குப் போகிறவருக்கு நாங்கள் தட்டுள்ள போனையே சொல்வோம்.

1909 இலக்கத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்களே, அது எதற்கு? – வாசகர், மூதூர்

போனில் *#06# தட்டினால் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம், வரும். இரட்டைச் சிம் போனில் இரண்டு வரும். ஐஎம்இஐ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் தட்டி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத புதிய கருவிகளை உள்ளூர் வலையமைப்பில் இணைக்கப்போவதில்லை என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்த போன் இறக்குமதியாளர் பட்டியலில் இருக்காது. பதிவில்லை என்று பதில் வந்தால் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பதிவு செய்யும் முறையை ஆணைக்குழுவிடமே கேளுங்கள். ஊரில் யாரிடமாவது பாவித்த போன் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே 1909க்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியிலுள்ள ஐஎம்இஐயும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் போனில் இணையம் நன்றாக ஓடுகிறது. ஆனால் அழைப்பு வந்ததும் 4ஜி அடையாளம் மறைந்து 'ஈ' வருகிறது, வாட்ஸ்அப்பும் நிற்கிறது. ஏன்? – வாசகி, கிண்ணியா

4ஜியிலேயே குரலை அனுப்பும் 'வோல்ட்டி' வசதி உங்கள் போனில் இயங்கவில்லை. அதனால் அழைப்பு வரும்போது போன் 2ஜிக்கு இறங்குகிறது. அங்கே பேச்சும் இணையமும் சேர்ந்து ஓடாது. மொபைல் நெட்வேர்க் செட்டிங்கில் வோல்ட்டி பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள். பொத்தானே இல்லையென்றால், அந்த மாடலின் மென்பொருளில் நம் நாட்டு நிறுவனத்துக்கான அமைப்பு இல்லை என்று அர்த்தம். மென்பொருளைப் புதுப்பித்தும் வரவில்லையென்றால் இப்படியே பாவிக்க வேண்டியதுதான்.

அலைவரிசையையும் பாருங்கள். இங்கே 4ஜிக்கு முக்கியமானவை பேண்ட் 3 (1800 மெகாஹேர்ட்ஸ்), பேண்ட் 8 (900), பேண்ட் 1 (2100). 900 தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். பேண்ட் 8 இல்லாத போன் பட்டினத்தில் நன்றாக எடுக்கும், கோபுரத்துக்கு எட்ட உள்ள வீட்டுக்குள் தடுமாறும். அமெரிக்காவில் விற்கும் மலிவு அன்ட்ரொயிட்டுகளில் 3, 8 இரண்டுமே இல்லாதவை உண்டு. மாடல் இலக்கத்தைக் கேட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அமெரிக்கச் சார்ஜரை இங்கே குத்தலாமா? – வாசகர், உப்புவெளி

சார்ஜரில் 'இன்புட் 100–240' என்று இருந்தால் நம் 230 வோல்ட்டுக்குப் பயமில்லை. பிளக் மாற்றும் அடப்டர் மட்டும் போதும்.

லண்டன் மாமா தந்த பழைய ஐபோன் அவருடைய ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கிறது. – வாசகர், தம்பலகாமம்

மாமா தன் ஆப்பிள் கணக்கிலிருந்து விலகாமல் போனில் இருந்தவற்றை அழித்திருக்கிறார். போனை லண்டனுக்கு அனுப்பத் தேவையில்லை. அவர் அங்கிருந்தே ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, 'ஃபைண்ட்' பகுதியில் இந்தப் போனைத் தெரிவு செய்து, கணக்கிலிருந்து நீக்கட்டும். நீங்கள் வைஃபையில் இணைத்துப் போனை மறுபடி திறந்தால் வழிவிடும். பாஸ்வேர்டே மறந்துவிட்டதென்றால் அவர் முதலில் அதை மீட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், போன் வாங்கிய பற்றுச்சீட்டுடன் ஆப்பிளிடம் அவரே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே அந்தச் சீட்டை இன்றைக்கே தேடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.