கிணற்று மோட்டாரை மாற்றியபின் தண்ணீர் ஏறவில்லை. பல தடவை தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் சூடேறிப் போய்விடும். புது மோட்டார் அடியில் ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கிணற்று மேட்டில் வைக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), ஜெட் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றை இழுக்கும் சக்தி கிடையாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு கனம். தண்ணீரைச் சுழற்றி வீசும் இம்பெல்லர், காற்றில் சும்மா சுற்றும். அதனால் கிணற்றுக்குள் குழாயின் அடியில், தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்விலிருந்து பம்பு வரை இடைவெளியே இல்லாமல் தண்ணீர் நிற்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாய் மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு சொம்பு ஊற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால் எப்படி ஏறும்?

பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் உள்ள டெலிவரி வால்வையும் மாடிக் குழாயையும் திறந்து வையுங்கள், காற்று வெளியேற வழி வேண்டும். பம்பின் மேல் இருக்கும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையில் புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். குமிழி நின்றதும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பின்பக்க விசிறியைக் கையால் சுற்றினால் இம்பெல்லரில் ஒளிந்திருக்கும் காற்றும் மேலே வரும். அதற்கும் ஊற்றி நிரப்புங்கள்.

இப்போதுதான் முக்கியமான விஷயம்: மூடியைப் போடாதீர்கள். கால் மணி நேரம் அந்தத் துளையில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். நான் பார்த்தவரை யாரும் இதைச் செய்வதில்லை, ஆனால் பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். மட்டம் இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் ஒழுகவில்லையென்றால், ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. மணலோ இலையோ சிக்கியிருக்கும், இல்லை வாஷர் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை குடம் ஊற்றினாலும் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

மட்டம் அப்படியே நின்றால் மூடியை டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிட்டு, டெலிவரி வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து மோட்டாரைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் அணைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

மட்டம் நிற்கிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் உறிஞ்சும் பக்கத்து யூனியன் (குழாயைப் பம்போடு கழற்றி மாட்டும் இணைப்பு) மேல்தான். பழைய மோட்டாரில் ஒழுங்காக ஏறியிருந்தால், இப்போது மாறியது அந்த இணைப்பு மட்டும்தானே. புது மோட்டாரின் வாய் சற்று உயரம் மாறி இருக்கும், குழாயை வளைத்து மாட்டுவார்கள், உள்ளே வாஷர் கோணலாக உட்காரும். எங்கள் வீட்டில் நடந்தது இதேதான். சும்மா நிற்கும்போது ஒரு சொட்டுகூடக் கசியாத இடம், மோட்டார் ஓடும்போது காற்றை இழுக்கும். ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே போகும் இடம்தான் ஓட்டை. அந்தக் குழாய் பம்பை நோக்கி லேசாக மேலேறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும்.

இன்னும் சில. இரண்டு குழாய் இறங்கும் ஜெட் பம்பென்றால் இரண்டும் நிரம்ப வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று உடலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ஒற்றைக் குழாயென்றால் கிணற்று நீர் மட்டத்தையும் அளந்து பாருங்கள். கணக்குப்படி காற்றழுத்தம் 10.3 மீட்டர் வரைதான் தண்ணீரை ஏற்றும், நடைமுறையில் 7, 8 மீட்டரே அதிகம். அதற்கும் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் பம்பை கிணற்றுக்குள் தாழ்வாக வைக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாற வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டால் முதலில் கொஞ்ச நேரம் விட்டு விட்டுத் துப்பும், பயப்பட வேண்டாம். இரவு அணைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டுப் பாருங்கள். உடனே வந்தால் ஃபுட் வால்வு நன்றாக இருக்கிறது. மறுபடி ஊற்ற வேண்டியிருந்தால், யூனியனை ஒருமுறை பார்த்துவிட்டு, குழாயை வெளியே எடுக்க ஆள் கூப்பிடுங்கள்.