ஊரடங்கு இரவில் என்ன சொல்லிச் செபிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாடு குழம்பும்போதெல்லாம் குடும்பமாக உட்கார்ந்து செபிப்போம். ஐந்து நிமிடம்தான். மறுகா யார் சரி, யார் பிழை என்று கதை தொடங்கிவிடும். இல்லையென்றால் "ஆண்டவரே, சமாதானம் தாரும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?
– வாசகி, தாண்டவன்வெளி

பதில்: கோபத்துக்குச் செபத்தில் இடம் வைக்காமல் விட்டால் அது கதையாகத்தான் வெளியே வரும். அதனால் முதலில் அதற்கே இடம் கொடுங்கள். திருப்பாடல் 13 இதற்குத் தோதானது (மெதடிஸ்ட் வீடுகளில் சங்கீதம் என்பார்கள்; எண் ஒன்றுதான்). ஆறே வசனம். தொடக்கத்திலேயே "எவ்வளவு காலம்?" என்று கடவுளிடம் நான்கு தடவை கேட்கிறது. ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு மூன்று நிமிடம் ஒருவரும் வாய் திறக்க வேண்டாம். இந்த மூன்று நிமிடத்தைத்தான் எல்லா வீட்டிலும் வெட்டிவிடுகிறார்கள். அது போனால் மன்றாட்டு வேகமும் சூடுமாக வரும்.

அடுத்தது மன்றாட்டு. திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டுக்கு இருக்கும் ஒழுங்கையே வீட்டுக்கும் எடுங்கள்: திருச்சபை, நாட்டை ஆள்வோரும் உலகமும், துன்பப்படுவோர், கடைசியாக நம்முடைய ஊர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம், முன்கூட்டியே துண்டில் எழுதியது. எழுதாமல் தொடங்கினால் ஆண்டவருக்குச் செய்தி வாசிப்பதில் போய் நிற்கும். அவருக்கு அது தேவையில்லை. எழுதியதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. "அந்தக் கள்ளனுக்கு நல்ல புத்தி கொடும்" என்பது மன்றாட்டு அல்ல, தீர்ப்பு. "இந்த வாரம் வேலையில்லாமல் இருக்கும் மீன்பிடிக் குடும்பங்களுக்கு அரிசி கிடைக்க வேண்டும்" என்றால் மன்றாட்டு.

கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம். "நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தில் தொண்டை அடைத்தால் அடைக்கட்டும், அதை விழுங்கிவிட்டு ஓட வேண்டாம். எழும்புமுன் நாளைக்குச் செய்ய ஒரு வேலையைத் தீர்மானியுங்கள். நெகேமியா 4ஆம் அதிகாரத்தில் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் செபமும் செய்தார்கள், இரவு பகலாகக் காவலும் வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கைத்தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கட்டும்.

கேள்வி: ஆளுகிறவர்களுக்காகச் செபிக்கச் சொல்கிறது வேதம். எங்கள் பிள்ளைகளைக் காணாமலாக்கிய அரசுக்காக எப்படிச் செபிப்பது? அது ஆதரவு கொடுத்ததாகாதா?
– வாசகர், பெரிய கல்லாறு

பதில்: ஆகாது. 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் அப்படிக் கேட்டபோது ரோமைப் பேரரசர் கிறிஸ்தவர் அல்லர். எரேமியா 29:7 இன்னும் கடினமானது. தங்களைச் சிறைப்பிடித்துப் போன பாபிலோனின் நலனுக்காக மன்றாடும்படி நாடுகடத்தப்பட்டவர்களிடமே சொல்கிறது. இரண்டு இடத்திலும் ஆட்சிக்கு நற்சான்றிதழ் இல்லை. ஆள்பவரைப் புகழாமல் அந்தப் பதவி செய்ய வேண்டியதைக் கேளுங்கள்: நீதவானின் நேர்மை, கோப்பைத் திறக்கும் அதிகாரியின் மனச்சாட்சி, சாட்சி சொல்பவரின் பாதுகாப்பு.

காணாமலாக்கப்பட்டவரின் தாயிடம் "மன்னித்து மறந்து ஆசீர்வதியுங்கள்" என்று சொல்ல எந்தச் செபக்குழுவுக்கும் உரிமை இல்லை. அவருக்குத் திருப்பாடல் 94 இருக்கிறது, நீதி கேட்கும் பாடல். லூக்கா 18இல் நீதியற்ற நடுவனை விடாமல் தட்டிய கைம்பெண்ணும் இருக்கிறாள். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் திரும்பி வரவேயில்லை. அவருடைய பெயரைச் சொல்லி மன்றாடுவதும் நீதி கேட்பதுதான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் மூன்று நாள் 'எஸ்தர் உபவாசம்' அறிவித்திருக்கிறார்கள். தண்ணீரும் கூடாதாம். எனக்கு 61 வயது, சீனி வருத்தம்.
– வாசகி, சொறிக்கல்முனை

பதில்: இருக்க வேண்டாம். வேதத்தில் எஸ்தர் அரசி அப்படி இருந்தது தன் யூத இனமே அழியவிருந்த வேளையில். அது மாதாந்த ஒழுங்கல்ல. கத்தோலிக்கச் சட்டம் ஒருசந்தியை 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும் வரைதான் கேட்கிறது. அதிலும் ஒரு முழுச் சாப்பாடும், சேர்த்தாலும் ஒரு சாப்பாட்டளவுக்கு வராத இரண்டு சிறு உணவும் உண்டு. நோயாளிக்கு விலக்கு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கும்: வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்று. அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், பிறகு சாப்பிடுங்கள். வைத்தியரைக் கேட்காமல் மருந்தளவை மாற்ற வேண்டாம். உங்களுக்கேற்ற உபவாசம் இரவுச் செய்தியை நிறுத்துவது. அது பட்டினியைவிடக் கடினம் என்பது இரண்டாம் நாள் தெரியும்.

கேள்வி: தேர்தல் வேட்பாளர் ஒருவர் எங்கள் அன்பியச் செபத்துக்கு (அயல் குடும்பங்கள் கூடும் செபம்) வர விரும்புகிறார்.
– வாசகர், கல்முனை

பதில்: வரட்டும். பாயில் மற்றவர்களோடு உட்காரட்டும். மாலை, ஒலிவாங்கி, தலையில் கைவைத்துச் செபிக்கும் படம் மூன்றும் வேண்டாம். "இவருக்குப் போடாவிட்டால் ஆண்டவர் தண்டிப்பார்" என்று யாராவது சொன்னால், ஆன்மீகத் தீங்கு வருமென்று பயமுறுத்தி வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படி குற்றம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 2019க்குப் பிறகு ஒன்றுகூடவே பயமாக இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் செபக்கூட்டம் வைக்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காமல் வீட்டில் வையுங்கள். ஊரடங்கு அறிவித்தால் கூட்டம் இல்லை. அவரவர் வீட்டில் அதே நேரத்தில் செபமாலையின் ஒரு பத்து மணி சொன்னால் போதும். ஒலிபெருக்கி வேண்டாம். பக்கத்து வளவு இந்துவோ முஸ்லிமோ, முன்னமே சொல்லிவையுங்கள், அவர்கள் வீட்டு நோயாளியின் பெயரையும் கேட்டு மன்றாட்டில் சேருங்கள். வதந்தியை மன்றாட்டாக்க வேண்டாம். "அந்தப் பக்கத்து ஆட்கள் வருகிறார்களாம், செபியுங்கள்" என்ற ஒரு வரி பத்து வீட்டுக்குப் போனால் பதினோராவது வீட்டில் பொல்லு எடுப்பார்கள். பொழுது படுமுன் முடியுங்கள். ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்து ஒருவர் படலையடியில் நிற்கட்டும். அவருடைய பங்குச் செபத்தை மற்றவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.