தம்பிக்கு மனச்சோர்வும் வரலாம்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது, டவுன் சிண்ட்ரோம். கலகலப்பானவன், தொழிற்கூடத்தில் கவர் ஒட்டுவான். நான்கு மாதம் முன்பு அப்பா இறந்தார். காரியம் முடியும்வரை அவனைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். அதன்பிறகு வேலைக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் தனியாகப் பேசுகிறான். அப்பாதான் குளிக்க வைப்பார். இப்போது அம்மா கூப்பிட்டால் அடிக்கிறான். டாக்டர், "இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். என்ன செய்வது?
– ஓர் அக்கா, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரிக்கு, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிற, பிறவியிலிருந்தே இருக்கிற டவுன் சிண்ட்ரோம் நான்கே மாதத்தில் ஒருவரை இப்படி மாற்றாது. புதிதாக ஏதோ வந்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மனச்சோர்வு வரும். ஆனால் எது வந்தாலும் பழைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அப்பா இருந்தபோது தம்பி எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், இப்போது எப்படி என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

முதலில் உடம்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருந்து சொல்லத் தெரியாதவர் கை ஓங்குவதும் உண்டு. தனியாகப் பேசுவதை மட்டும் கண்டு பயப்படாதீர்கள். இவர்களில் பலர் அன்றைக்கு நடந்ததை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார்கள். முன்பும் பேசுவாரா, இப்போது குரலில் பயமோ கோபமோ ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். தனியாகப் பேசுவதை வைத்து யாராவது மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்ற மனநோய்) மாத்திரை எழுதினால் எதற்காக, எத்தனை நாள் என்று கேளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, அப்பா விஷயம். நல்ல எண்ணத்தில்தான் சித்தி வீட்டில் விட்டீர்கள். ஆனால் அவரைப் பொறுத்தவரை அப்பா ஒருநாள் காணாமல் போய்விட்டார். "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லியிருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். "அப்பா செத்துட்டார். இனி வரமாட்டார். எனக்கும் அழுகை வருது" என்று சின்னச் சின்ன வாக்கியமாக, அவர் கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள். படத்துக்கு அவர் கையால் மாலை போடட்டும். அடுத்த திதிக்கு அவரையும் உட்கார வையுங்கள். அப்பாவின் சட்டையைக் கேட்டால் கொடுங்கள். குளியல் சண்டையும் இதோடு சேர்ந்ததுதான். அப்பா செய்துவந்ததை அம்மா செய்தால் 27 வயது ஆணுக்குக் கூச்சம் வராதா? மாமாவோ சித்தப்பாவோ கொஞ்ச நாள் துணைக்கு வரட்டும்.

அப்புறம், மனநல மருத்துவரை அவசியம் பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், நாங்கள் வந்தது மனச்சோர்வுக்கு என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்தச் சிகிச்சை அவருடைய உரிமை.

தொழிற்கூடத்திலும் பேசி வையுங்கள். முதலில் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால்கூடப் போதும்.